இரு கோப்புறைகளை ஒப்புநோக்கல்



19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் பழந்தமிழ் நூல்களை அச்சேற்ற முற்பட்டபோது, ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டி, அவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார்கள் என்பதை நாம் அறிவோம். ஒரே நூலின் பிரதிகள் என்று வழங்கிய ஏடுகளுள்ளே, ஓர் ஏட்டில் இருந்த அடி மற்றோர் ஏட்டில் இல்லாதிருந்தது. ஓரிடத்தில் ஒரு சொல்லும், மற்றோரிடத்தில் வேறொரு சொல்லும் காணப்பட்டன. பிரதி என்று பெயர் பெற்றமையால் மட்டும் ஒன்று மூலத்தோடு ஒத்ததாகிவிடாது என்பது அந்த அறிஞர்களின் உழைப்பு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.

ஏடு மறைந்து கணினி வந்த இக்காலத்திலும் இவ்வுண்மை மாறவில்லை. நமது கடிதங்களும் கணக்குகளும் நிழற்படங்களும் ஒலிப்பதிவுகளும் இன்று கணினியிலே கோப்புகளாக இருக்கின்றன. அக்கோப்புகளை வகைப்படுத்தி இட்டுவைக்கும் இடத்தைக் கோப்புறை என்கிறோம்; அடைவு என்று கூறுவோரும் உளர். ஒரு கோப்புறைக்குள்ளே கோப்புகளும் இருக்கலாம், வேறு கோப்புறைகளும் இருக்கலாம், அவற்றினுள் மேலும் கோப்புறைகள் இருக்கலாம். இத்தகைய இரண்டு கோப்புறைகள் ஒன்றுக்கொன்று ஒத்தவையா, ஒவ்வாதனவாயின் எங்கே வேறுபடுகின்றன என்பதைக் கணினியைக் கொண்டே கண்டறியும் முறையைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம்.

உதாரணமாக, ஒரு பாடசாலையை எண்ணிக்கொள்வோம். அதன் பழைய இடாப்புகளை ஆசிரியர்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கணினியில் சேர்த்திருக்கிறார்கள். பரிசளிப்பு விழாப் படங்களும், ஆண்டு மலர்களும், பழைய அதிபர்களின் உரைப்பதிவுகளும் அக்கணினியிலேயே உள்ளன. கணினி பழுதடையும் நிலைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் புறவன்தட்டு ஒன்றிலே பிரதி செய்துவிட்டுக் கணினியை அகற்றிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். பிரதி செய்யும் வேலையும் முடிந்தது. இப்போது எழவேண்டிய வினா ஒன்றுண்டு: அங்கே இருந்தவை யாவும் இங்கே வந்து சேர்ந்தனவா? இவ்வினாவுக்கு விடை காணாமல் கணினியை அகற்றினால், பின்னர் விடை காண்பதற்கு மூலம் இராது.

பிரதி செய்யும்போது பிழை நேர்வதற்குப் பல காரணங்கள் உள்ளன. இடையிலே மின்சாரம் நின்றுபோகலாம். புறவன்தட்டில் இடம் போதாமற் போகலாம். மூலத் தட்டின் ஒரு பகுதி தேய்ந்து, அங்குள்ள கோப்பு வாசிக்க முடியாததாகலாம். பென் ட்ரைவ்கள் பலவற்றிலே இன்றும் வழங்கும் ஃபாட் 32 என்னும் ஒழுங்குமுறையில், 4 கிகாபைட்டும் அதற்கு மேலும் பருமனுள்ள தனிக்கோப்பு எதனையும் வைத்தல் இயலாது. ஆகவே ஒரு விழாவின் நீண்ட ஒளிப்பதிவு மட்டும் விடுபட்டுப் போகலாம். இவற்றுட் சிலவற்றைக் கணினி அறிவிக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகள் செல்லும்போது இடையே தோன்றும் அறிவிப்பை யாரேனும் கவனியாமல் ஒரு பொத்தானை அழுத்திவிடுவது எளிது.

இரு பக்கத்துக் கோப்புகளையும் எண்ணிப் பார்த்தால் போதாதா என்று சிலர் வினவலாம். எண்ணிக்கை வேறுபட்டால் குறை உண்டென்பது தெளிவாகும். ஆயின் எண்ணிக்கை ஒத்திருந்தால் குறை இல்லை என்று கூற முடியாது. ஒரு கோப்பு விடுபட்டு, வேண்டாத வேறொரு கோப்பு சேர்ந்திருந்தாலும் எண்ணிக்கை ஒத்தேயிருக்கும். ஆதலின், ஒவ்வொரு கோப்பையும் அதன் இணையோடு பொருத்திப் பார்த்தலே முறையாகும். அதனை மனிதர் செய்வதானால் நாட்கள் பல செல்லும். கணினியோ சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ செய்து முடிக்கும்.

இவ்வொப்பீடு மூன்று படிகளில் நிகழலாம். முதலாவது, பெயரை ஒப்பிடுதல்: இங்குள்ள பெயர் அங்கும் உண்டா என்று பார்ப்பது. இரண்டாவது, பருமனையும் இறுதியாக மாற்றப்பட்ட நேரத்தையும் ஒப்பிடுதல். மூன்றாவது, உள்ளடக்கத்தை ஒப்பிடுதல்: கோப்பின் முதற் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டு வரை இரண்டையும் வாசித்துப் பார்ப்பது. முதற்படி மிக விரைவானது, ஆனால் உறுதி குறைந்தது. மூன்றாம் படி காலம் எடுப்பது, ஆனால் உறுதியானது. ஒரு கருவி எந்தப் படியிலே ஒப்பிடுகின்றது என்பதை அறியாமல் அதன் விடையை ஏற்றுக்கொள்ளலாகாது.

இத்துறையில் முதன்மையாகக் கூறவேண்டிய கருவி டிஃப் என்பதாகும். ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டில் யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் உருவாகத் தொடங்கியது. அங்கு பணியாற்றிய டக்ளஸ் மக்கில்ரோய் என்பவர் எழுதிய டிஃப், 1974இல் யுனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளியாயிற்று. அதன் உட்பொருளான கணிப்புமுறையை அவரும் ஜேம்ஸ் ஹன்ட் என்பவரும் 1976இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அக்கருவியின் வழித்தோன்றல்கள் லினக்ஸ் கணினிகளிலும் அப்பிள் கணினிகளிலும் வழங்கிவருகின்றன.

எழுத்தாலான இரு கோப்புகளை டிஃப் எவ்வாறு ஒப்பிடுகின்றது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வடபகுதிப் புகையிரதப் பாதையின் நிலையங்கள் சிலவற்றை இருவர் எழுதுகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி என எழுதுகிறார். மற்றவர் வவுனியா, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என எழுதுகிறார். இவற்றை முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், முதலும் கடைசியுமே ஒத்தன, நடுவிலுள்ள மூன்றும் வேறுபட்டன என்று தோன்றும். இது பயனற்ற விடை. டிஃப் அவ்வாறு செய்வதில்லை. இரு பட்டியல்களிலும் வரிசை குலையாமல் பொதுவாக அமைந்திருக்கும் மிக நீண்ட தொடரை அது தேடுகின்றது. வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி என்பதே அத்தொடர். அதனை நீக்கினால் எஞ்சுவது என்ன? முதற்பட்டியலில் ஓமந்தை, இரண்டாவதில் முறிகண்டி. ஆகவே, ஒரு பெயர் விடுபட்டது, ஒரு பெயர் சேர்க்கப்பட்டது என்னும் உண்மையான விடை கிடைக்கின்றது.

இதே கருவியைக் கோப்புறைகளுக்கும் பயன்படுத்தலாம். டிஃப் என்ற சொல்லின் பின்னர் ஒரு சிறு கோடும், ஆர், கியூ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் இரண்டும் இட்டு, அதன்பின் இரு கோப்புறைகளின் பெயர்களையும் எழுதவேண்டும். ஆர் என்பது, உள்ளேயிருக்கும் கோப்புறைகளுக்குள்ளும் அவற்றின் உள்ளே இருப்பவற்றுக்குள்ளும் நுழைந்து பார்க்குமாறு பணிப்பது. கியூ என்பது, எந்த எந்த வரி வேறுபட்டது என்று நீட்டிக் கூறாமல், வேறுபட்ட கோப்பின் பெயரை மட்டும் சுருக்கமாகக் கூறுமாறு பணிப்பது. அப்போது இருவகை அறிவிப்புகளே பெரும்பாலும் வரும். இக்கோப்பு இந்தப் பக்கத்தில் மட்டுமே உள்ளது என்பது ஒன்று. இக்கோப்பு இரு பக்கத்திலும் உண்டு, ஆனால் உள்ளடக்கம் வேறுபடுகின்றது என்பது மற்றொன்று. இரு பக்கமும் முற்றும் ஒத்திருந்தால் டிஃப் ஒன்றும் கூறாது மௌனமாக நின்றுவிடும்.

இம்மௌனத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். வேறுபாடு இல்லாமையால் மௌனமாயிருப்பது ஒன்று. பார்க்கவே இயலாமற் போனது வேறொன்று. இதனைப் பிரித்தறிவதற்காக டிஃப் தன் பணி முடிந்ததும் ஓர் இலக்கத்தைக் கணினியிடம் ஒப்படைக்கின்றது. 0 என்றால் இரண்டும் ஒத்தன. 1 என்றால் வேறுபாடு உண்டு. 2 என்றால் ஒப்பீட்டில் இடர் நேர்ந்தது. வாசிக்க முடியாத கோப்பு இருந்தால் அதனை அறிவித்து 2 என்னும் இலக்கத்தையே தரும். மேலும், எல்லாக் கோப்புகளும் ஒரு பக்கத்தில் மட்டுமே உள்ளன என்று நீண்ட பட்டியல் வருமாயின், அஞ்சுவதற்கு முன்னர், இரு கோப்புறைகளையும் ஒரே மட்டத்தில் குறிப்பிட்டோமா என்று பார்த்தல் வேண்டும். பிரதியானது வேறொரு கோப்புறையின் உள்ளே ஒருபடி ஆழத்தில் அமைந்துவிட்டாலும் இவ்வாறே தோன்றும்.

கட்டளைகளை எழுதிப் பழகாதவர்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. விண்டோஸ் கணினிகளுக்கு வின்மேர்ஜ் என்னும் இலவச மென்பொருளும், லினக்ஸ் கணினிகளுக்கு மெல்ட் என்பதும் பலரால் விரும்பப்படுகின்றன. இவை இரு கோப்புறைகளையும் திரையில் அருகருகே காட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளவற்றையும் வேறுபட்டவற்றையும் வெவ்வேறு நிறத்தாலும் குறியாலும் விளக்கும். வேறுபட்ட ஒரு கோப்பைத் திறந்து, எந்த வரி மாறியது என்பதையும் அங்கேயே காணலாம்.

இனி, ஒப்பிடுவதோடு நில்லாமல், ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்கு ஏற்பத் திருத்தியமைக்கும் கருவிகளும் உள்ளன. அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ ட்ரிட்ஜெல், போல் மக்கெராஸ் என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் அவற்றுள் புகழ்பெற்றது. விண்டோஸிலே ரோபோகொப்பி என்பது இப்பணியைச் செய்யும். ஆர்சிங்க் வழக்கமாகப் பருமனையும் நேரத்தையும் மட்டுமே பார்த்து, அவ்விரண்டும் ஒத்திருந்தால் கோப்பும் ஒத்ததெனக் கொண்டுவிடும். இது நாள்தோறும் செய்யும் வேலைக்கு ஏற்றது. ஆனால் தட்டின் பழுதினால் உள்ளே ஓரிரு பைட்டுகள் மட்டும் சிதைந்து, பருமனும் நேரமும் மாறாதிருக்கும் கோப்பை இம்முறை கண்டுபிடிக்காது. அதற்கு, உள்ளடக்கத்தையே பார்க்கச் சொல்லும் சீ என்னும் எழுத்தைச் சேர்த்துக் கட்டளையிடல் வேண்டும்.

இக்கருவிகளிலே பெரும் பயனும் பேரிடரும் அருகருகே உள்ளன. மூலத்தில் இல்லாதவற்றைப் பிரதியிலிருந்து நீக்கிவிடுமாறு இவற்றைப் பணிக்கலாம். அவ்வாறு பணிக்கும்போது, எது மூலம், எது பிரதி என்பதை மாற்றி எழுதிவிட்டால், வெறுமையான கோப்புறையை மூலமாகக் கொண்டு, நிறைந்த கோப்புறையைக் கருவி துடைத்துவிடும். ஆகவே செயற்படுத்துவதற்கு முன்னர் ஒத்திகை பார்த்தல் இன்றியமையாதது. ஆர்சிங்கில் என் என்னும் ஆங்கில எழுத்தும், ரோபோகொப்பியில் எல் என்னும் எழுத்தும் இதற்கென்றே உள்ளன. அவற்றைச் சேர்த்தால், தாம் என்ன செய்யவிருக்கின்றோம் என்பதை இக்கருவிகள் பட்டியலிட்டுக் காட்டும், ஒன்றையும் மாற்றமாட்டா. அப்பட்டியலை வாசித்த பின்னரே மெய்யான கட்டளையை இடுதல் அறிவுடைமை.

இரண்டு கோப்புறைகளும் ஓரிடத்தில் இல்லாதபோது என் செய்வது? ஒன்று யாழ்ப்பாணத்திலும் மற்றொன்று கொழும்பிலும் இருக்கலாம். அவ்விடத்து, ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஓர் அடையாளக் குறியைக் கணித்துக்கொள்ளலாம். எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. கோப்பு எத்துணைப் பெரிதாயினும் இக்குறி 64 எழுத்துகளிலேயே அடங்கும். கோப்பிலே ஓர் எழுத்து மாறினாலும் குறி முற்றாக வேறுபட்டுவிடும். மனிதனின் கைரேகை போன்றது இது என்று கூறலாம். யாழ்ப்பாணத்திலே குறிகளின் பட்டியலைத் தயாரித்து மின்னஞ்சலில் அனுப்பினால், கொழும்பில் உள்ளவர் தம் கோப்புகளின் குறிகளோடு அதனை ஒப்பிட்டு, ஒரு கோப்பையும் இடம்பெயர்க்காமலே உண்மையை அறிந்துகொள்ளலாம். அதே பட்டியலைப் பாதுகாத்து வைத்தால், பத்து ஆண்டுகளின் பின்னரும் அக்கோப்புகள் பழுதுறாமல் இருக்கின்றனவா என்று சோதிக்கலாம்.

ஒப்பீட்டுக் கருவி காட்டும் வேறுபாடுகள் எல்லாம் மெய்யான வேறுபாடுகள் ஆகமாட்டா என்பதையும் கூறவேண்டும். முதலாவது, நேரம் பற்றியது. ஃபாட் 32 ஒழுங்குமுறை, கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்ற அளவிலேயே பதிகின்றது. அத்துடன் உலகப் பொதுநேரத்தை விடுத்து அவ்விடத்து நேரத்தையே பதிகின்றது. நமது நாட்டின் கடிகாரங்கள் 1996இல் முன்னோக்கி நகர்த்தப்பட்டு, 2006 ஏப்பிரலில் மீண்டும் கிறீனிச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பின. ஆகையால் அக்காலத்துக் கோப்பு ஒன்று, ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டோடு ஒப்பிடப்படும்போது, அரைமணி நேரம் வேறுபட்டதாகத் தோன்றக்கூடும், உள்ளடக்கமோ மாறாதிருக்கும்.

இரண்டாவது, தமிழில் எழுதுவோர் சிறப்பாக அறியவேண்டியது. யுனிகோட் முறையில் கொ என்னும் எழுத்தை இரு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம்; எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் வழக்கமான யு.டி.எஃப். 8 முறையில் முதலாவது 6 பைட்டுகள் கொண்டது, இரண்டாவது 9 பைட்டுகள் கொண்டது. அப்பிள் நிறுவனம் 1998இல் அறிமுகப்படுத்திய எச்.எஃப்.எஸ். பிளஸ் என்னும் ஒழுங்குமுறை கோப்புப் பெயர்களைப் பிரித்தே பதிந்துவந்தது. அத்தகைய தட்டிலிருந்து கொழும்பு என்ற பெயருள்ள கோப்பை லினக்ஸ் கணினிக்குக் கொண்டுவந்து, அங்கேயே தட்டெழுதிய கொழும்பு என்ற பெயருள்ள கோப்போடு ஒப்பிட்டால், கொழும்பு இந்தப் பக்கத்தில் மட்டும் உண்டு, கொழும்பு அந்தப் பக்கத்தில் மட்டும் உண்டு என்று கருவி கூறும். கேட்பவர் திகைப்பார். காரணம் அறிந்தவரோ, பெயரை ஒரே முறையில் மாற்றியமைத்து மீண்டும் ஒப்பிடுவார். ஒன்று மிகையென்று எண்ணி உடனே நீக்கிவிடுதல் கூடாது.

இவற்றையெல்லாம் கடந்து எஞ்சி நிற்கும் மெய்யான வேறுபாட்டை என்ன செய்வது? இங்கேதான் கருவியின் எல்லை முடிகின்றது. இரண்டு கோப்புகள் வேறுபடுகின்றன என்று அது கூறும். எது சரியானது என்று கூறாது. புதியதே சரியானது என்று கொள்வது பெரும்பாலார் வழக்கம். ஆனால் ஓர் இடாப்பைத் திறந்து பார்த்த ஒருவர், தம்மையறியாமல் ஒரு நிரையை அழித்துவிட்டுச் சேமித்திருந்தால், புதிய கோப்பே பிழையானது, பழையதே சரியானது. அந்நிலையில் பழையதன்மேல் புதியதை எழுதிவிட்டால், எஞ்சியிருந்த நல்ல பிரதியையும் நாமே அழித்தவர்களாவோம். ஆகவே வேறுபட்ட கோப்புகளைத் திறந்து வாசித்து, அவ்விடயத்தை அறிந்தவர் தீர்மானித்தல் வேண்டும். அன்று ஏடுகளை ஒப்பிட்ட அறிஞர்களும், பாடபேதங்களைத் திரட்டிய பின்னர், தம் புலமையைக் கொண்டே தகுந்த பாடத்தைத் தேர்ந்தார்கள்.

இவ்வளவு கவனம் வேண்டுமா என்று நினைப்போருக்கு நமது வரலாறே விடை கூறும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, 97,000 வரையிலான நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதனவும் இருந்தன. பிரதி இல்லாத ஏடு அழிந்தால் அது அழிந்ததேயாகும் என்பதை அந்நிகழ்ச்சி நம் மனங்களிலே பதித்துச் சென்றது. இன்று நம்மவர் நூல்களை எண்ணிம வடிவிலே சேமிக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வீடுகளிலும் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் கூட இம்முயற்சி சிறு அளவிலே நடைபெறக்கூடும். பிரதி செய்தல் அம்முயற்சியின் பாதியாகும். அப்பிரதி மூலத்தோடு ஒத்ததென ஒப்பிட்டு அறிதல் மறுபாதியாகும்.

ஆகவே நேயர்களே, கோப்புறை ஒன்றைப் பிரதி செய்தபின், மூலத்தை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் இரண்டையும் உள்ளடக்கத்தால் ஒப்பிடுங்கள். கருவி தரும் பட்டியலைப் பொறுமையாக வாசியுங்கள். தோற்ற வேறுபாடு எது, மெய் வேறுபாடு எது எனப் பிரித்தறியுங்கள். திருத்தியமைக்கும் கருவியைப் பயன்படுத்துவதாயின் ஒத்திகை பார்த்த பின்னரே பயன்படுத்துங்கள். ஐயமுள்ள கோப்பு எதுவாயினும் இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டும் இடம் சிறிது, அது காக்கும் பொருளோ பெரிது. ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் இச்சிறு வேலை, நமக்குப் பின் வருவோர் கையில் முழுமையான பிரதியைச் சேர்ப்பிக்கும்.